சயனைடு மேட்டின் மேல் பிறை

கண்ணா,

நான் நலமா என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் நீ கேட்கிறாய். நலம் என்று நானும் சொல்கிறேன். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு ஓடுவதில்லை. அதனால்தான் இந்தத் தடவை உட்கார்ந்து எழுதுகிறேன். இதை ஆபீஸில் வைத்துப் படிக்காதே. வீட்டுக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, வித்யா பக்கத்தில் இருக்கும்போது படி.

வித்யா போன் செய்தாள். அம்மாவின் முதல் வருஷத் திவசத்துக்கு நீ வரவில்லை என்றும், கனடாவிலேயே கோயிலில் ஐயரை வைத்துச் செய்துவிடப் போகிறாய் என்றும் சொன்னாள். பாவம் அந்தப் பெண். லீவு, டிக்கெட், பனி என்று என்னென்னவோ சுற்றிவளைத்துப் பார்த்தாள். அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. கடைசியில் அழுதுவிட்டாள். "மாமா, அவருக்கு அந்த மொட்டை மாடிய நெனச்சாலே ஆக மாட்டேங்குது. அந்த வீட்டுக்குள்ள எப்பிடி கால் வெப்பேன்றாரு" என்றாள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கடையில் கையில் இருந்த எவர்சில்வர் குடத்தை ஓங்கி வைத்தேன். அது நசுங்கியது. நசுங்கிய குடத்தை யார் வாங்குவார்கள்? வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், இப்போது அதில்தான் தண்ணீர் பிடிக்கிறேன். கோபம் அந்தக் குடத்தோடு போய்விட்டது. மிஞ்சியிருப்பது வருத்தம் மட்டும்தான், அதை மறைத்து எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீ ஏர்போர்ட்டுக்கு வண்டி ஏறினாயே, அதற்குப் பிறகு நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. போனில் படம் வருகிறது. படத்தில் உங்கள் வீட்டு மேல்கூரை வருகிறது, சமையலறை விளக்கு வருகிறது, ஒரு தடவை உன் காது வந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அந்தப் படமும் நின்றுவிடும் என்று பயம். பெற்ற பிள்ளையிடம் பயப்படுகிற வயசு எல்லாருக்கும் வரும் போலிருக்கிறது, எனக்குக் கொஞ்சம் சீக்கிரமே வந்துவிட்டது.

உன் அம்மாவின் பிறைப் பைத்தியம் உனக்குத் தெரியாததா. இருந்தாலும் முதலிலிருந்தே சொல்கிறேன், அதில் உனக்குத் தெரியாத ஒரு பகுதி இருக்கிறது. வேலூர்ப் பக்கத்திலிருந்து என்னைக் கட்டிக்கொண்டு இந்தத் தங்கவயலுக்கு, ஆண்டர்சன்பேட்டைக்கு வந்தபோது அவள் கொண்டுவந்த வழக்கம் அது. அமாவாசை கழிந்து மேற்கில் பிறை தெரிகிற சாயங்காலம் மாடியில் நின்று அதைப் பார்த்துக் கும்பிட வேண்டும். பார்த்த கண்ணை அப்படியே திருப்பிக் கையிலிருக்கிற தங்கத்தைப் பார்க்க வேண்டும். அப்புறம் பிரியமான ஒரு முகத்தைப் பார்க்க வேண்டும். எந்த முகத்தைப் பார்த்தோமோ அந்த முகத்தின் ராசிப்படி அந்த மாதம் போகும். கல்யாணமான புதிதில் நானும் ஆசையாக என் முகத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். அந்த மாதம் ராபர்ட்சன்பேட்டையில் நம் பாத்திரக் கடையின் ஷட்டரைப் பெயர்த்துப் பித்தளை அண்டாக்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். "எல்லாம் உங்க மூஞ்சியாலதாங்க" என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள், ஆனால் முழுக்க விளையாட்டும் இல்லை. அன்றிலிருந்து பிறை பார்க்கும்போது எனக்கு மாடியில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டது, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். அவள் பார்த்து முடித்து "வரலாம், வாங்க" என்று கூப்பிடும்வரை நான் அங்கேயே ஒளிந்து நிற்க வேண்டும். ஊரில் எல்லாரிடமும் விலை பேசி அதட்டிவிட்டு வருகிறவன், சொந்த வீட்டு மாடியில் திருடன் மாதிரி நிற்பேன்.

நீ பிறந்த பிறகு அவளுக்கு வேறு முகம் தேவைப்படவில்லை. கைக்குழந்தையாக உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்ப்பாள். பள்ளிக்கூடம் போகிற வயசில் வீட்டுப்பாடத்தைப் போட்டுவிட்டு முனகிக்கொண்டே ஏறி வருவாய். அவள் திரும்புகிற நேரம் பார்த்து நாக்கைத் துருத்திக் காட்டுவாய். அந்த மாதம் முழுக்க ஏதாவது உடைந்தால் "இவன் நாக்க நீட்டுனான்ல" என்று உன் தலையில் போடுவாள். எனக்கு அது நிம்மதியாக இருக்கும். பழி பங்கு போடக் கூட ஒரு ஆள் கிடைத்தானே என்று.

இதில் இடைஞ்சல் நம் மேற்குப் பக்கத்து மேடுதான். பூமிக்கு அடியிலிருந்து கல்லை ஏற்றி, அரைத்து, சயனைடு ஊற்றித் தங்கத்தைப் பிரித்துக்கொண்டு, மிச்ச மண்ணை எத்தனையோ வருஷம் கொட்டிக் கொட்டி எழும்பிய சயனைடு மேடு. தங்கம் யார் யார் வீட்டுக்கோ போயிற்று, மண் நம் வீட்டு மேற்கில் நின்றது. காற்றுக் காலத்தில் அது பறந்து வந்து துவைத்த துணியில் படியும். அதைவிட உன் அம்மாவுக்கு அதன் மேல் இருந்த வேறு கோபம், பிறையை அது விழுங்கிவிடுகிறது என்பது. பிறை கொஞ்சம் தடிமனாக, உயரத்தில் இருந்தால் மாடியிலிருந்தே தெரியும். மெலிசாக இருந்தால், வெளிச்சம் குறைந்து கண்ணுக்குப் புலப்படுவதற்கு முன்பே மேட்டுக்குப் பின்னால் இறங்கிவிடும். அந்த மாதங்களில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சாம்பியன் ரீப்ஸ் ரயில் ஸ்டேஷன் பக்கத்து வெட்டவெளிக்கு ஓட வேண்டும். எந்த மாதம் மாடி, எந்த மாதம் ஸ்டேஷன் என்று முன்கூட்டியே தெரியாது. மாடியில் காத்திருந்துவிட்டு, ஏமாந்து, ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் அது அங்கேயும் மறைந்திருக்கும். திரும்பி வருகிற வழியெல்லாம் பின்சீட்டில் ஒருத்தி பேசாமல் வருவாள். அந்த மௌனம் எனக்கு முதுகில் சுடும்.

கனடா போவதற்கு முந்தின மாதம் நீ அதற்கு ஒரு வழி பண்ணினாய். வீட்டு லேப்டாப்பில் அந்த ஆகாயம் காட்டுகிற சாஃப்ட்வேரைப் போட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாய். எந்த நாள், எந்த நேரம் கேட்டாலும் நிலா எங்கே நிற்கும் என்று அது காட்டும். ஊர் பெங்களூரு என்றே போட்டுவிடு, பக்கம்தானே என்றேன். நீ சிரித்தாய். சரி, கேஜிஎஃப் என்று போடு என்றேன். அதுவும் போதாது என்றாய். "ஊருக்கு ஒரு நெலா, நம்ம மாடிக்கு ஒரு நெலாவாடா?" என்று கேட்டேன். "நெலா ஒண்ணுதான்பா. மேடு நம்ம வீட்டுக்கு மட்டும்தான கீது" என்றாய். மாடியின் நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தாய். படத்திலிருந்து வானத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை அதற்குள் பொருத்தினாய். மேடு, தொட்டி, கிழக்குப் பக்கத்து சரோஜா அக்கா வீட்டுத் தென்னை எல்லாம் திரையில் அப்படியே வந்து நின்றன. கொடியில் காய்ந்துகொண்டிருந்த அம்மாவின் பச்சைப் புடவையும் வந்துவிட்டது. "அய்யய்யோ, அத எடுத்துடுடா, பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க" என்றாள். யார் பார்க்கப்போகிறார்கள் அம்மா, நாமதானே என்றாய். புடவை அங்கேயே இருந்துவிட்டது.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஏமாற்றமே இல்லை. நான் லேப்டாப்பைத் திறந்து அன்றைய தேதியைப் போட்டு, நேரத்தை மெல்ல நகர்த்துவேன். நிலா திரையில் சரிந்து வந்து மேட்டின் விளிம்பைத் தொடும். அதற்குள் வானம் இருட்டிவிட்டதா இல்லையா என்று பார்த்தால் போதும். நீயும் அங்கிருந்து அதையே திறந்து பார்த்துவிட்டு முந்தின நாளே சொல்லிவிடுவாய், "இந்த மாசம் மாடிம்மா", "இந்த மாசம் ஸ்டேஷன்மா" என்று. எங்களுக்குச் சாயங்காலம், உனக்கு ஆபீஸ் கிளம்புகிற காலை. அவள் ஒரு கையில் வளையலைத் தயாராக வைத்துக்கொள்வாள், இன்னொரு கையில் போன். பிறை, வளையல், உன் முகம். பல் விளக்கிக்கொண்டே கூட நீ வந்திருக்கிறாய், வாய் நிறைய நுரையோடு. அதற்கும் கும்பிட்டுக்கொள்வாள். நான் தொட்டிக்குப் பின்னாலிருந்து "வரலாமா?" என்று குரல் கொடுப்பேன். "இருங்க, இன்னும் பாத்துக்கினு கீறேன்" என்பாள். நீ போனை வைத்த பிறகும் திரையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். தூரத்தில் இருக்கிற பிள்ளையை இவ்வளவு துல்லியமாக ஒரு இடத்துக்கு, ஒரு நிமிஷத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துகிற ஏற்பாட்டை வேறு எந்த அம்மாவும் செய்து பார்த்திருக்க மாட்டாள்.

இப்போது போன தீபாவளிக்கு வருகிறேன். அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துச் சில மாதம் ஆகியிருந்தது. படி ஏறுவதைக் குறைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஐப்பசி மழை வேறு விட்டு விட்டுக் கொட்டியது. தீபாவளி அன்று நீ போன் செய்தாய். அந்த மாதம் பிறை தெற்கே தள்ளித் தாழ இருக்கிறது, நம் மாடிக்கு வராது, மேட்டுக்குப் பின்னால் வெளிச்சத்திலேயே போய்விடும் என்றாய். ஸ்டேஷனுக்கும் மழையில் போக வேண்டாம், ஒரு மாதம் பார்க்காவிட்டால் ஒன்றும் ஆகாது, பிறை அன்று காலை எனக்கு ஆபீஸில் மீட்டிங், ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன் என்றாய். நானும் லேப்டாப்பில் பார்த்தேன். நீ சொன்னது அத்தனையும் சரி. அவளுடைய மூச்சுக்காக நீ சொன்னாய் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

ஆனால் தீபாவளி கழிந்து பிறை நாளன்று சாயங்காலம் மழை விட்டு வானம் கழுவிவிட்டது போல் இருந்தது. அவள் வளையலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எங்கே என்றேன். "மாடிக்குத்தான். இல்லன்னா இல்லன்னு பாத்துட்டு எறங்கிடறேன். பாக்காம இருந்தா மனசு கேக்காதுங்க" என்றாள். லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். அதில் நிலா சயனைடு மேட்டுக்குள் புகுந்து போவதைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு படி ஏறினாள். நான் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். பாதிப் படியில் அவளை உட்காரவைத்தேன், மறுபடி ஏறினோம். மேலே போனதும் பழக்கத்தில் நான் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். வராத பிறைக்கு எதற்கு ஒளிய வேண்டும் என்று கூடத் தோன்றவில்லை பார்.

கொஞ்ச நேரத்தில் "இன்னாங்க, தெரியுதுங்க!" என்றாள். அவள் ஏதோ மேகத்தின் ஓரத்தைப் பார்த்துவிட்டாள் என்று நினைத்தேன். திரையில் என் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்தேனே, இருக்கவே முடியாது. ஒளிந்து நிற்க வேண்டும் என்பதை மறந்து தொட்டிக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தேன். மேட்டின் இடது பக்கம், முன்னே நேராக இருந்த விளிம்பில் ஒரு பெரிய வெட்டு விழுந்திருந்தது. அத்தனை நாள் மழை அந்த மண்ணை அரித்து வாய்க்கால் மாதிரி இறக்கியிருந்தது. அந்த வெட்டுக்குள், நகம் அளவுக்கு, பிறை நின்றுகொண்டிருந்தது. அதை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கும்பிட்டு முடித்து, வளையலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள். திரும்பினால் எதிரில் நான். கையில் போன் இல்லை, நீ இல்லை, என் மூஞ்சிதான்.

நான் பதறிப்போய்த் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். அவள் சிரித்தாள், கண்ணா. மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். துண்டை இழுத்துவிட்டு, "அட, காட்டுங்க. இத்தினி வருசம் இந்த மூஞ்சிய வெச்சிக்கினுதான ஓட்டினேன். இந்த மாசமும் ஓடிட்டுப் போவுது" என்றாள். நன்றாக, கண் எடுக்காமல் பார்த்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த மாதிரி பார்த்தாள் என்று எழுதினால் நீ கிண்டல் செய்வாய். செய்துகொள், அப்படித்தான் பார்த்தாள்.

இறங்கும்போது, அதே பாதிப் படியில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். "அவங்கிட்ட சொல்லாதீங்க. தப்பா சொல்லிட்டமேன்னு மனசு கஷ்டப்படுவான். அவன் கணக்கு சரிதாங்க. மேடுதான் கரஞ்சிப் போச்சி. அங்க இருந்துக்கினு அவனுக்கு எப்பிடித் தெரியும் பாவம்." இதை எழுதும்போது அவள் குரல் அப்படியே கேட்கிறது.

அந்த மாதம் ஓடவில்லை. அடுத்த அமாவாசை வருவதற்குள் அவள் போய்விட்டாள். படி ஏறினதால்தானா என்று டாக்டரிடம் போய்க் கேட்டேன், இரண்டு தடவை கேட்டேன். இல்லை என்றார், இதயத்து வால்வு ரொம்ப நாளாகவே தளர்ந்திருந்தது என்றார். உன் மனசில் அந்த எண்ணம் இருந்தால் அதை முதலில் எடுத்துப் போடு.

நீ வந்து இறங்கின அன்று, சாவு வீட்டின் கூட்டத்தில் சரோஜா அக்கா உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நெலாவ பாத்தாப்பா, பாத்துட்டுத் திரும்பனா நீ இல்ல. உம் மூஞ்சியப் பாக்காமலே பூட்டாளேப்பா." அம்மா மறுநாள் குழாயடியில் சிரித்துச் சிரித்துச் சொன்ன கதையில் அக்காவுக்கு அழுகை நேரத்தில் நினைவில் நின்றது அந்தப் பாதிதான். அவள் மேல் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வார்த்தை உன்மேல் விழுந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். உன் முகம் அன்று மூடிக்கொண்டதுதான். அந்தப் பதினாறு நாளில் ஒரு நாள் நீ லேப்டாப்பைத் திறந்து அந்த சாஃப்ட்வேரை அழித்ததையும் பார்த்தேன். தடுக்கவில்லை.

ஏன் மிச்சப் பாதியை நான் அன்றே சொல்லவில்லை என்று கேட்பாய். அவள் சொல்லாதே என்றாள் என்பது ஒரு காரணம். இன்னொன்று, மிச்சப் பாதியில் இருப்பது என் மூஞ்சி. பிறை பார்த்ததும் அவள் பார்த்த முகம் என்னுடையது, அதற்குப் பிறகு அவள் ஒரு மாதம் கூட இருக்கவில்லை. படித்தவன் நீ, இதைக் கேட்டுச் சிரிப்பாய். நானும் கடையில் உட்கார்ந்து எத்தனையோ பேரின் ராசியையும் சகுனத்தையும் கிண்டல் செய்தவன்தான். ஆனால் காலையில் சவரம் செய்யக் கண்ணாடி முன்னால் நிற்கும்போது சிரிப்பு வருவதில்லை. நீ உன் முகம் இல்லாமல் போனதற்காக அழுகிறாய், நான் என் முகம் இருந்ததற்காக அழுகிறேன். இரண்டு பேரும் ஒரே சாயங்காலத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறோம். அந்தச் சாயங்காலத்தில் அவள் சிரித்தாள் என்பதை இரண்டு பேருமே விட்டுவிட்டோம்.

அதற்குப் பிறகும் மாதா மாதம் மாடிக்குப் போகிறேன். அவள் விட்ட வேலையை யாராவது பார்க்க வேண்டுமே. பிறையைப் பார்ப்பேன், கும்பிடுவேன், அப்புறம் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு படி இறங்கிவிடுவேன். ஒரு மாதம் கால் தவறி விழப் பார்த்தேன். அப்போதுதான் யோசித்தேன், இது சரிப்படாது என்று.

நீ அழித்ததை நானே மறுபடி இறக்கிப் போட்டேன். சொல்லிக்கொடுத்தது பாதி நினைவிருந்தது, மீதிக்கு ராபர்ட்சன்பேட்டையில் செல்போன் கடை வைத்திருப்பவரைப் போய்ப் படுத்தினேன். புதிதாகப் படம் எடுக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது, எனக்குக் கை நடுங்குகிறது. சரோஜா அக்காவைக் கூப்பிட்டேன். அன்று சொன்ன வார்த்தைக்குப் பிறகு அவள் நம் வீட்டுப் பக்கம் வரக் கூசிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் முந்தானையைச் செருகிக்கொண்டு ஏறி வந்துவிட்டாள். "லெவலா புடிங்க அக்கா" என்றேன். "ஏன்யா, எங்க வூட்டுக்காரரு மைன்ஸ் ஷாஃப்ட்டுல எத்தினி லெவலு எறங்கனவரு, எனக்கு லெவலு சொல்லித் தரியா?" என்று அதட்டினாள். சுற்றிச் சுற்றி எடுத்தாள். நடுவில் ஒரு தடவை நின்று, "நான் அன்னிக்கி அந்தப் புள்ளகிட்ட அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது இல்ல?" என்றாள். பரவாயில்லை அக்கா, எடுங்க என்றேன். போனைத் தூக்கிப் பிடித்து மிச்சத்தையும் எடுத்து முடித்தாள்.

வானத்தை வெட்டி எடுப்பதற்குள் என் கண் போய்விட்டது. தென்னை ஓலைக்கு நடுவே துணுக்குத் துணுக்காக வானம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மன்னித்துக்கொள். முதல் தடவை வடக்கைத் தப்பாக வைத்துவிட்டேன், சூரியன் சயனைடு மேட்டிலிருந்து உதித்து சரோஜா அக்கா வீட்டில் மறைந்தது. சாயங்காலம் சூரியன் எங்கே இறங்குகிறது என்று மாடியில் நின்று பார்த்து, அதற்குத் தக்கபடி படத்தைத் திருப்பித் திருப்பி ஒருவழியாகச் சரி செய்தேன். நீ எடுத்த பழைய படம் லேப்டாப்பில் தனியாக மிஞ்சியிருந்தது, அதை அழிக்கவில்லை. அதில் பச்சைப் புடவை இருக்கிறது.

பிறகு அந்தச் சாயங்காலத்தின் தேதியைப் போட்டேன். பழைய மேட்டில் அது வெளிச்சத்திலேயே மறைந்து போயிற்று, நீ சொன்ன மாதிரியே. புதிய மேட்டில் வெட்டுக்குள் வந்து நின்றது. வானம் இருட்ட இருட்டப் பளிச்சென்று தெரிந்தது. இந்த வருஷ மழையிலும் மேடு கொஞ்சம் இறங்கியிருக்கும், அதனால் ஒன்றிரண்டு நிமிஷம் முன்னே பின்னே இருக்கலாம். கணக்கு உன்னுடையது, கண்ணா, அது தப்பவில்லை. நீ போன பிறகு மேடு மாறிவிட்டது, அவ்வளவுதான். அவள் மூச்சு மாறியது, என் கை மாறியது. ஊரை விட்டுப் போகிறவர்கள் எல்லாரும் போன அன்றைய படத்தைத்தான் வைத்திருப்பார்கள், அது அவர்கள் குற்றமில்லை. அவ்வப்போது வந்து வேறு படம் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று மட்டும் ஒரு கிழவன் சொல்லலாம் அல்லவா. நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்து அதுவும் தூரமாகப் போனால் நீயும் அதனிடம் இதைச் சொல்வாய்.

சரோஜா அக்கா எடுத்த படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். திவசத்துக்கு நீ வா என்று நான் கட்டாயப்படுத்த மாட்டேன். இதை ஒரு தடவை திறந்து பார், போதும். நம் மாடியை வைத்து, அந்தத் தேதியைப் போட்டு, மேற்கே பார்த்து நேரத்தை மெல்ல நகர்த்து. வெட்டுக்குள் பிறை தெரியும். அவள் நின்ற இடத்தில்தான் சரோஜா அக்கா நின்று படம் எடுத்தாள். பிறையைப் பார்த்துவிட்டு அவள் மாதிரியே திரும்பு. தொட்டிக்கு முன்னால் நான் நிற்கிறேன். வானத்தை வெட்டினேனே தவிர என்னை வெட்டவில்லை. அவள் கடைசியாகத் திரும்பியபோது எதைப் பார்த்தாள் என்று நீயும் ஒருமுறை பார்த்துக்கொள். அவ்வளவு மோசமாக இருக்காது.

திவசத்துக்கு முன்னால் இன்னும் ஒரு பிறை வருகிறது. மாடியிலிருந்தே தெரியும், பார்த்துவிட்டேன். இந்த முறை நான் ஒளிந்து நிற்கப்போவதில்லை. கையில் போனை வைத்துக்கொண்டு நிற்பேன். உனக்குக் காலை நேரம், நீ ஒன்றும் பேச வேண்டாம், பல் விளக்கிக்கொண்டே வந்தாலும் சரி. மேல்கூரையை மட்டும் காட்டாதே. அம்மாவின் வளையலைத்தான் பதினாறாம் நாள் முடிந்ததும் வித்யா கையில் போட்டு அனுப்பிவிட்டேன், தங்கம் என்று வீட்டில் வேறு எதுவும் இல்லை. பிறையைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் எனக்குப் பார்ப்பதற்கு உன் முகம் ஒன்றுதான் இருக்கிறது.

அப்பா